சேதி வராத விரல்கள்

கிட்ட வாங்க கண்ணுங்களா, காலை மடக்கி வசதியாக உட்காருங்கள். ஓர் அப்பாவின் வலது கையைப் பற்றிக் கதை சொல்லப்போகிறேன். கேட்டு முடிப்பதற்குள் உங்கள் விரல்களை நீங்களே ஒரு தடவை கிள்ளிப் பார்ப்பீர்கள்.

அந்த அப்பாவுக்கு ரொட்டிக்கடையில் வேலை. மாவு பிசைவார், அடுப்பில் வைப்பார், வெந்ததும் தட்டோடு வெளியே எடுப்பார். அவருடைய மகள் ஓயாமல் பேசுவாள். அதனால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும்போது சில்வண்டு அவருடைய வலது கை விரலைப் பார்த்துவிட்டாள். பெரிய கொப்புளம்.

"எப்பப்பா சுட்டுக்கிட்டீங்க?"

அப்பா விரலைத் திருப்பிப் பார்த்தார். "அட, எனக்கே தெரியலையே."

"அது எப்படித் தெரியாமப் போகும்? எனக்குக் கொசு கடிச்சாலே தெருவே கூடிடும்."

"அது உன் வாய் பண்ற வேலை," என்று சிரித்த அப்பா, மெல்லக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அன்றுதான் வகுப்பில் டீச்சர் நரம்புச் செல்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். உணர்வுச் செல்கள் தோலிலிருந்து சேதி கொண்டுபோகும். இயக்கச் செல்கள் தசைக்குக் கட்டளை கொண்டுவரும். நடுவில் இருக்கும் இணைப்புச் செல்கள் சேதியை வாங்கி, என்ன செய்யலாம் என்று முடிவு கட்டும்.

சில்வண்டு யோசித்தாள். "அப்பா, ஒரு விளையாட்டு. கண்ணை மூடிக்கோங்க. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லணும்."

இடது கையில் அப்பா எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். வலது கையில் சுண்டுவிரலை மட்டும் சரியாகச் சொன்னார். அப்புறம் கண்ணை மூடியபடியே காத்திருந்தார்.

"சொல்லுங்கப்பா."

"நீ தொட்டாத்தானே சொல்ல முடியும்?"

சில்வண்டு பென்சில் முனையால் அவருடைய நடுவிரலை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். "அம்மாகிட்ட சொல்லாதே. கை நல்லாத்தான் வேலை செய்யுது, பாரு." விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார். "மரத்துப்போகுதுன்னு தெரிஞ்சா கடைக்காரம்மா அடுப்புப் பக்கமே விடமாட்டாங்க. அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?"

"மடக்கறது இயக்கச் செல்லோட வேலைப்பா. அது ஒழுங்கா நடக்குது. சேதிதான் வழியில எங்கேயோ மாட்டிக்கிச்சு. சுடுதுன்னு சேதியே வரலேன்னா, கையை எடுன்னு யாருப்பா சொல்லுவா? அடுத்த தடவை கொப்புளத்தோட போகாது."

அப்பா கொப்புளத்தைத் தடவிப் பார்த்தார்.

"கடைக்காரம்மாகிட்ட நானும் வர்றேன். நீங்க பேசவே வேண்டாம், நான் பேசறேன்."

"நீ பேசினா அவங்க கடையைப் பூட்டிட்டு ஓடிடுவாங்க," என்றார் அப்பா. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரே அம்மாவிடம் சொன்னார். மறுநாள் மூன்று பேருமாக டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். வருஷக்கணக்காக மாவு பிசைந்ததில் அங்கே நரம்பு அழுந்திப்போயிருந்தது. "நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. சரியாயிடும்," என்று மணிக்கட்டுக்குப் பட்டை போட்டார். கொஞ்ச நாளைக்கு மாவும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம் என்றார்.

கடைக்காரம்மாவிடம் அப்பாவே நின்று சொன்னார்.

"இதை வெச்சுக்கிட்டா அடுப்புல கையை விட்டீங்க?" கடைக்காரம்மாவுக்குக் கோபம் வந்தது. "கை தேறுற வரைக்கும் முன்னாடி நின்னு வியாபாரத்தைப் பாருங்க. அடுப்பு எங்கேயும் ஓடிப்போகாது."

அப்பாவுக்கு வியாபாரம் செய்ய வரவில்லை. "இது லேசாத் தீஞ்சிருக்கு, வாங்காதீங்க," என்று வந்தவர்களிடம் சொல்லிவிடுவார். அவர் கை சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வீட்டாரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டது கடைக்காரம்மாதான்.

சில வாரங்கள் போயின. ஒரு காலை, அப்பா பேப்பர் படித்தபடியே டீ டம்ளரை எடுக்க வலது கையை நீட்டினார். கை வெடுக்கென்று பின்னால் வந்தது. அதற்குப் பிறகுதான் "ஸ்ஸ்" என்றார்.

"சுட்டுடுச்சா?" என்று அம்மா ஓடிவந்தாள்.

"பாத்தியாம்மா, மூளைக்குத் தெரியறதுக்கு முன்னாடியே முதுகுத்தண்டுல இருக்கிற இணைப்புச் செல் கட்டளை போட்டுடுச்சு," என்றாள் சில்வண்டு.

அப்பா விரலை ஊதிக்கொண்டே சிரித்தார். "சுடுது," என்றார். "நல்லாவே சுடுது."

உங்கள் வீட்டிலும், கண்ணுங்களா, ஒருவர் வலி மற்றவருக்குச் சட்டென்று எட்டட்டும். எல்லாருடைய கையும் சுகமாக இருக்கட்டும்.