சாமத்திய வீட்டு வீடியோ

கதவுக்கு வெளியே வைத்த புட்டுத் தட்டு அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது.

"நிருஜா... ஒரு வாயெண்டாலும் சாப்பிடு பிள்ளை. இண்டைக்கும் பள்ளிக்கூடம் போகாட்டி எப்பிடியம்மா?"

"கோ அவே!"

சுகிர்தா கதவில் நெற்றியை வைத்தபடி நின்றாள். பதினைந்து வயது மகள் ஒரு வாரமாக அந்த அறைக்குள்ளேயே கிடக்கிறாள்.

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய பிளாட் புஷ் ஊர்த் தமிழ்ச் சனத்துக்கெல்லாம் காரணம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மண்டபம் பிடித்து, ட்ரோன் கமரா பறக்க, ஊரைக் கூட்டி அவளுக்குச் சாமத்தியச் சடங்கு செய்தார்கள். "பிள்ளை வயசுக்கு வந்ததை உலகத்துக்குக் காட்டத்தான் வேணுமே?" என்று கேட்ட சுகிர்தாவின் வாயை எல்லோருமாகச் சேர்ந்து அடைத்தார்கள். கனடாச் சொந்தங்களும் பார்க்கட்டும் என்று வீடியோ இணையத்தில் ஏறியது. போன வாரம் வகுப்பில் யாரோ அதைக் கண்டுபிடித்து, மாமிமார் ஆலாத்தி சுற்ற அவள் கூனிக்குறுகி நிற்கும் இடத்தை மட்டும் வெட்டி, கேலிப் பாட்டொன்றையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தது!

"ஹூ போஸ்டட் திஸ்?" என்று மகள் கத்தியபோது, "நான்தான்" என்றாள் சுகிர்தா. போட்டவன் கணவன் ஜனார்த்தன். ஆனால் அந்தப் பிள்ளை மனம்விட்டுக் கதைப்பது அப்பாவோடு மட்டும்தான். அதுவும் அறுந்துவிடக் கூடாதே என்ற பயம்! அவனும் பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை, பாவி மனிதன்.

இப்போது ஜனார்த்தனின் அக்கா புஷ்பவதி வந்திருந்தாள். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை, தொடங்கிவிட்டாள்.

"பெட்டையின்ர கையில போனைக் குடுத்துக் கெடுத்ததே நீர்தான்! தாய் சரியா இருந்தா பிள்ளை ஏன் இப்பிடிக் கிடக்குது?"

"மெதுவாக் கதையுங்கோ மச்சாள்..."

"ஏன் மெதுவா? சாமத்திய வீடு என்ன களவே, ஒளிக்க? என்ர தம்பி எவ்வளவு ஆசையா அந்த வீடியோவைப் போட்டவன்! எத்தினை சனம் பார்த்து வாழ்த்தினது!"

பூட்டியிருந்த கதவு திறந்தது.

எண்ணெய் காணாத தலையும் வீங்கிய கண்களுமாய் நிருஜா நின்றாள். கையில் போன்.

"அப்பா... யூ போஸ்டட் இட்?"

ஜனார்த்தன் தலையைக் குனிந்தான். "அழிச்சுப்போட்டன் குஞ்சு... அண்டைக்கே அழிச்சுப்போட்டன்..."

அவள் தாயிடம் திரும்பினாள். வழக்கமில்லாமல் தமிழில் கேட்டாள்.

"ஏன் அம்மா பொய் சொன்னனீங்கள்?"

"உனக்கு இந்த வீட்டில ஒராளெண்டாலும் மிஞ்சட்டும் எண்டுதான், ராசாத்தி..."

நிருஜா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். சுகிர்தாவும் வாய்விட்டு அழுதாள். பழி நீங்கிய நிம்மதி மருந்துக்கும் இல்லை. ஜனார்த்தன் மகளின் தலையைத் தடவக் கை நீட்டினான். அவள் உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். எதைக் காப்பாற்றச் சுகிர்தா பழியைச் சுமந்தாளோ, அது போய்விட்டது.

"எல்லாரின்ர போனிலயும் இருந்து அழியுங்கோ அம்மா... ப்ளீஸ்..."

சுகிர்தா அவளை இன்னும் இறுக அணைத்தாள். இருவருக்கும் நடுவே நசுங்கியிருந்த போன் அதிர்ந்தது. நிருஜா அதைப் பார்த்தாள். அதே வெட்டிய வீடியோ, இன்னொருவரிடமிருந்து. முகம் செத்துப்போயிற்று. தாயின் கைகளை மெல்ல விலக்கிவிட்டு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள்.

சுகிர்தா தட்டை எடுத்துப்போய்ப் புட்டைச் சூடாக்கி, மறுபடியும் அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். பிறகு தானும் அந்தக் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.