வெட்டாத தாள்கள்

முதல் மடிப்பை அறுத்ததும் புகையிட்ட ரப்பர் ஷீட்டின் மணம் வந்தது. சத்யபாமா கத்தியை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனாள். புதுப் புத்தகம். அச்சகத்தில் தாள்களை மடித்துத் தைத்ததோடு விட்டிருந்தார்கள், ஓரம் வெட்டவில்லை. வாசிக்கிறவரே கத்தியால் பிரித்துப் பிரித்துப் படிக்க வேண்டும். உள்ளே பசை மணக்கலாம், மை மணக்கலாம். பாறசாலையில், ரயில் பாதையோரத்து வீட்டில், அம்பூரி மலையில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புகைப்புரை எப்படி மணக்கும்?

அம்பூரியில் ஜெஸியின் வீடு அப்படித்தான் மணக்கும். ஜெஸி செத்து எட்டு மாதம் ஆகிவிட்டது.

பொட்டலம் ஜெஸியின் பெயருக்குத்தான் வந்திருந்தது, சத்யபாமா வீட்டு விலாசத்தில். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தப் பொய்யைக் கட்டிவிட்டவளே அவள்தான்.

அவர்கள் எட்டுப் பேர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் சுற்றுவட்டாரத்தில் தமிழ் வாசிக்கிறவர்கள். பெரும்பாலும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. பெருங்கடவிளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நேசையன் புத்தகம் வாங்கி முதல் ஆளுக்குத் தபாலில் அனுப்புவார். அந்த ஆள் படித்து, தோன்றியதைப் பக்க ஓரத்தில் தன் மையில் எழுதி, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஆளுக்கு ஒரு மை. சிவப்பு ஒன்று சொன்னால் கறுப்பு மறுக்கும், ஊதா வந்து இரண்டு பேரையும் கிண்டல் செய்யும். சத்யபாமா நீலம். ஜெஸி பச்சை. "பச்சை மையில எழுதுததுக்கு நீங்க பெரிய ஆபீசராக்கும்" என்று நேசையன் கடிதத்தில் சீண்டுவார். பக்க ஓரங்களில் ஜெஸி மட்டும் பேசுகிற மாதிரியே எழுதுவாள், அதனாலேயே எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். அடுத்தடுத்து இரண்டு புத்தகங்களில் எழுதாதவரின் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது வட்டத்தின் விதி.

அந்த எட்டுப் பேரில் நேரில் சந்தித்துக்கொண்டது நீலமும் பச்சையும் மட்டும்தான். ஜெஸி இறந்ததை சத்யபாமா யாருக்கும் எழுதவில்லை. ஜெஸிக்கு இனி என் விலாசத்துக்கே அனுப்புங்கள் என்று நேசையனுக்கு ஒரு கார்டு போட்டாள். பச்சை மைப் புட்டி ஒன்று வாங்கினாள். ஜெஸியின் சாய்ந்த எழுத்தைப் பழகினாள். அதன்பின் மூன்று புத்தகங்களில் ஜெஸி உயிரோடிருந்தாள், சிவப்பு மை அவளோடு சண்டைகூடப் போட்டது. யாராவது கேட்டிருந்தால் அன்பினால் செய்தேன் என்றுதான் சொல்லியிருப்பாள். அன்பு மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும்.

கடைசி நாட்களில் ஜெஸிக்குக் கண் போய்விட்டது. தலைக்குள் கட்டி. "பாமா, கடைசி அத்தியாயம் பாக்கி உண்டு. வந்து வாசிச்சுத் தா" என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பினாள். புத்தகம் அப்போது சத்யபாமாவிடம் இருந்தது. சனிக்கிழமை காலையிலேயே போயிருக்கலாம். ஆனால் அந்தக் கடைசி அத்தியாயத்தை முதலில் தனியாக, சத்தமில்லாமல், தனக்காக மட்டும் படித்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. படித்தாள். பஸ் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை போனபோது கட்டிலின் ரெக்சின் விரிப்பைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

அந்தப் புத்தகத்தைச் சவப்பெட்டிக்குள் ஜெஸியின் கைக்கடியில் செருகிவைத்தாள். அம்பூரிக் கல்லறைத் தோட்டத்தில் அதையும் சேர்த்துத்தான் மூடினார்கள். பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று நேசையனுக்கு எழுதினாள். பாவம், அவர் அதே புத்தகத்தை மறுபடியும் வாங்கி, படிக்காமல் விடுபட்டவர்களுக்காகச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். இந்தச் சுற்று ஜெஸியிலிருந்து தொடங்குகிறது.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை ஓட்டின் மேல் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அரைமணி நேரக் கரண்டு கட்டுக்கு இன்னும் சில நிமிடங்கள்தான். கணவன் மோகனன் கடையை அடைத்துவிட்டு வரும் நேரம். அவள் மெழுகுதிரியை ஏற்றி மேசையில் நிறுத்திவிட்டு இரண்டாவது மடிப்பில் கத்தியை விட்டாள். தாள் மெல்லிய ஓசையோடு பிரிந்தது. விளக்கு அணைந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தாள்.

பச்சை மை.

*கதையில இவ இப்பிடி அழுததை நான் இப்பவும் நம்பேல்ல. உனக்கு எப்பிடி தோணிச்சு பாமா?*

மேலும் கீழும் புரட்டினாள். இந்தத் தாள் மூடிக்கிடந்தது. இப்போதுதான், அவள் கையால்தான், திறந்தது. எழுத்து ஜெஸியுடையது. எட்டு மாதம் பழகியும் தனக்குப் பிடிபடாத அந்தக் கடைசி இழுப்பு ஒவ்வொரு வரியிலும் இருந்தது. விரலால் தொட்டாள். மை ஈரம்.

புத்தகத்தை மூடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கை அடுத்த மடிப்புக்குப் போய்விட்டது. பயந்துதான் போனாள். அதைவிட, ஜெஸி என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஏக்கம் பெரிதாக இருந்தது.

*நீ எனக்க எழுத்துல எழுதினது எல்லாம் தெரியும். நல்லாத்தான் இருந்து. சிவப்புக்காரங்கிட்ட நான் அப்பிடி சண்டை போடமாட்டேன்.*

அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்தது. புகை மணத்தோடு இப்போது ஈரச் செம்மண் மணமும் வந்தது. மழைக்கு வாசலில் எழும் மணமல்ல. தோண்டிய மண். கத்தியை உள்ளே செலுத்தினாள். பாதி வழியில் எதிலோ தட்டியது. தாள் அல்ல. மிருதுவாக இருந்தது. கத்தியை உருவினாள். முனையில் பச்சை வழிந்தது.

மெல்ல, நகத்தால், மடிப்பின் மீதியைப் பிரித்தாள்.

*பைய வெட்டு மக்கா. இஞ்ச எனக்க விரலு உண்டு.*

நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. எழுந்து நின்றாள். மழை. வேறு சத்தமில்லை. புத்தகம் மேசையில் மூச்சு வாங்குவதுபோல மெதுவாக உயர்ந்து தாழ்ந்தது. காற்றாக இருக்கும். சன்னல் சாத்தியிருந்தது. தாள் புரண்டது. இன்னொன்று. இன்னொன்று. கடைசி அத்தியாயத்தில் வந்து நின்றது. அந்த மடிப்புகளும் இன்னும் வெட்டப்படவில்லை. தலைப்புக்குக் கீழே எழுத்து ஒவ்வொன்றாக ஊறி வந்தது.

*அந்தச் சனிக்கிழம நீ வருவியேண்ணு நான் பாத்துக்கிட்டு இருந்தேன்.*

"மன்னிச்சுக்கோ" என்றாள் சத்யபாமா. எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாத வார்த்தை. "நான் வாசிச்சுத் தாறேன். இப்பம் வாசிச்சுத் தாறேன் ஜெஸி."

*வேண்டாம். நானே வாசிக்கணும். கண்ணு தெரியல்ல. ஒருக்கா உனக்க கண்ணு தருவியா?*

அவள் யோசிக்கவில்லை. துக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை.

"எடுத்துக்கோ மக்கா."

இமைகளின் மேல் குளிர்ந்த ஈரமான இரண்டு விரல் நுனிகள் படிந்தன. ஒன்றில் கத்தி பட்ட வெட்டு இருந்தது. மெதுவாக அழுத்தின.

மெழுகுதிரி அணைந்துவிட்டது.

அப்படித்தான் நினைத்தாள். தீப்பெட்டிக்காகத் தடவினாள். கை சுடரில் பட்டுச் சுட்டது.

வாசலில் மோகனன் குடையை உதறும் சத்தம். "பாமா, கரண்டு வந்தாச்சே. பின்ன எதுக்கு மெழுகுதிரி எரியுது?" செருப்பைக் கழற்றினான். நடந்து வந்தான். நின்றான்.

"பாமா..." குரலைத் தாழ்த்திக் கேட்டான். "மேசைப்பக்கம் இருக்கது ஆரு?"

குடை சிமெண்டுத் தரையில் விழுந்தது. இருட்டில், அவள் தோளோடு தோள் ஒட்டி, யாரோ கடைசி மடிப்பைப் பைய வெட்டினார்கள். ஈரச் செம்மண் மணத்த வாயொன்று அவள் காதருகே முதல் வரியைச் சத்தம்போட்டு வாசிக்கத் தொடங்கியது.