பிசிறு நீக்கிய குரல்

ஊர்களுக்கு மேலே உயரத்தில் போகும் வான்தடத்தில் ஏறி வேகம் மணிக்கு முந்நூறைத் தொட்டதும் காருக்குள் காற்றின் இரைச்சல் அறுந்துபோகும். அதோடு மனிதக் குரலும் அறுந்துபோகும். ஒலியழிப்பானுக்கு இரண்டும் ஒன்றுதான். வெளியே இருந்து வரும் உறுமலை அழிக்க அது அனுப்புகிற மாற்றொலி, உள்ளே யார் வாய் திறந்தாலும் அந்தச் சத்தத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு இருக்கையிலும் கழுத்துப் பக்கம் ஒரு குரல்வாங்கியும், தலைசாய்ப்பில் ஸ்பீக்கர்களும் வைத்திருப்பார்கள். முன்னால் இருப்பவர் பேசுவது ஒயர் வழியாகப் போய்ப் பின்னால் இருப்பவர் காதில் விழும். பாட்டும் அப்படித்தான்.

ஞானசிகாமணியின் காரில் இருந்தவை கம்பெனியிலேயே வைத்துக் கொடுத்த ஸ்பீக்கர்கள். கரகரவென்று இழுக்கும். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியையாக இருந்த அவர் மனைவி எமிலிக்கு அவற்றைக் கேட்டாலே ஆகாது. "தகர டப்பாவுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு. இந்தக் கிறிஸ்துமஸுக்காவது மாத்துங்க" என்பாள். எத்தனையோ கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சலில் எமிலியும் போய்விட்டாள்.

வான்தடத்துக் கார்கள் ஒடுக்கமானவை. ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார முடியும். முன்னால் ஞானசிகாமணி, நடுவில் எமிலி, கடைசியில் மகள் ஜோவிதா. நாகர்கோவிலில் விடியற்காலை ஏறினால் மதுரை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவருக்கு அங்கே ஒரு மருத்துவமனையில் கண் பரிசோதிக்கும் வேலை. ஜோவிதா மண் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். திரும்பி வந்தால் சாப்பாடு, தூக்கம். அந்தக் குடும்பம் மனம்விட்டுப் பேசியதெல்லாம் காருக்குள்தான்.

அடக்கம் முடிந்து முதல்முறையாக வேலைக்குப் போன அன்று, வான்தடத்தில் ஏறியதும் ஜோவிதா கேட்டாள்: "ப்பா, சாப்பாட்டுப் பை எடுத்தீங்களா?"

தினமும் எமிலி கேட்கிற கேள்வி. ஜோவிதாவுக்கு அது பாதியில்தான் உறைத்தது. 'எடுத்தீங்களா' என்ற சொல் நடுவிலேயே உடைந்தது. அந்த உடைசலை ஸ்பீக்கர் கரகரப்போடு அப்படியே கொண்டுவந்து அவர் காதில் போட்டது. அவர் "எடுத்தேன் மக்ளே" என்றார். அவருடைய தொண்டை அடைத்ததும் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. கோவில்பட்டி தாண்டும்வரை இரண்டு பேரும் ஒருவர் அழுவதை ஒருவர் கேட்டுக்கொண்டே போனார்கள். மதுரையில் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டபோது மனம் கொஞ்சம் லேசாகியிருந்தது.

அதுவே வழக்கமாயிற்று. வீட்டில் ஒருவருக்காக ஒருவர் அடக்கிக்கொள்வார்கள். அவர் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். அவள் மாடியில் கதவைச் சாத்திக்கொள்வாள். காரில் மட்டும் அடக்க முடியவில்லை, அடக்கத் தேவையும் இருக்கவில்லை. முகம் தெரியாது, குரல் மட்டும்தான் வரும். எமிலியைப் பற்றி நேராக ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. "இன்னைக்கு மழை வரும்போல" என்று அவர் சொல்கிற விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிடும்.

டிசம்பர் பிறந்ததும் ஞானசிகாமணிக்கு ஒரே நினைப்பாக இருந்தது. மகளிடம் சொன்னார். "அம்மா ரொம்ப நாளா கேட்டது. ஸ்பீக்கர மாத்திடுவோமா மக்ளே?"

"மாத்துவோம்ப்பா" என்றாள். அதைச் சொல்லும்போதும் மூக்கை உறிஞ்சினாள்.

நாகர்கோவில் கோட்டாற்றில் நஸ்ரின் என்றொரு பெண் கார் ஸ்பீக்கர் கடை வைத்திருந்தாள். வேலையில் கெட்டி என்று பெயர். கதவுப் பலகைகளைக் கழற்றி, தலைசாய்ப்புகளின் உறையைப் பிரித்து, கம்பெனி ஸ்பீக்கர்களை வெளியே எடுத்தாள். காகிதக் கூம்புகளின் ஓரமெல்லாம் இற்றுப்போயிருந்தது. "இதுலயா சார் இத்தன வருஷம் பாட்டுக் கேட்டீங்க?" என்று சிரித்தாள். புதியவை பட்டுச் சவ்வு போட்டவை, தெள்ளொலி ரகம். இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் வைத்து அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றையும் திருகி மாட்டினாள்.

"இதுதான் சார் தெளிப்பான். பாட்டானாலும் சரி, பேச்சானாலும் சரி, பிசிறு எல்லாத்தையும் எடுத்துட்டு சுத்தமா குடுக்கும். பேசுறவங்க யாருன்னு ரெண்டு வார்த்தையில படிச்சுக்கும். பொறவு அவங்க குரல் எப்படி இருக்கணுமோ அப்படியே வரும்."

நல்லது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"நடு சீட்டுக்கும் மாத்தணுமா சார்? ஆள் உக்காரலன்னா விட்டுடலாம்."

"அதுக்குத்தான் முதல்ல" என்றார்.

மறுநாள் காலை வான்தடத்தில் ஏறியதும், எமிலி இருந்த ஆலயப் பாடகர் குழு பாடிய பழைய பதிவு ஒன்றைப் போட்டார். இத்தனை பேர் பாடுகிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாம் வரிசையில் எமிலியின் தாழ்ந்த குரல் தனியாக, பக்கத்தில் நின்று பாடுவது போல வந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணீர் சட்டைக் காலரை நனைத்தது. "கேட்டியா மக்ளே, அம்மா" என்றார்.

"கேக்குதுப்பா. ரொம்ப நல்லாருக்கு."

கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் போல ஒரு குரல். ஒரு நடுக்கம் இல்லை, மூச்சு வாங்கல் இல்லை. பிள்ளை தேறிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டார்.

அவரைப் போலவே அவளும் நினைத்துக்கொண்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

நாளாக ஆக அந்த ஆறுதலே உறுத்தத் தொடங்கியது. அவர் அழுதுகொண்டே மழையைப் பற்றிச் சொல்வார். பின்னாலிருந்து மழையைப் பற்றிய பதில் மட்டும் வரும், செய்தி வாசிப்பதுபோல. முன்பெல்லாம் அவர் குரல் கொஞ்சம் தளர்ந்தால் அவளும் தளர்வாளே, இப்போது என்ன ஆயிற்று? சின்ன வயசு, மறந்துவிட்டாள் போலிருக்கிறது, மறக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. தன் அழுகையைக் கேட்டும் கேளாததுபோல் அவள் இருக்கிறாள் என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது. மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

முதலாண்டு நினைவு நாளன்று ஜோவிதா சொன்னாள்: "சாயந்திரம் கல்லறைக்குப் போகணும்ப்பா. பூ சொல்லிட்டேன்." ஆபீசில் யாருக்கோ நேரம் ஒதுக்குவது போல இருந்தது. கொஞ்சம் கழித்து, "நீங்க நல்லாவே தேறிட்டீங்கப்பா" என்றாள்.

கேலி செய்கிறாளா, குத்திக் காட்டுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. குரலில் ஒன்றுமே இல்லை. "ஆமா மக்ளே, என்ன செய்ய" என்றார்.

அடுத்த சில மாதங்களில் அவளுக்கு ஒரு வேலை வந்தது. நிலவுக் குடியிருப்பில் பயிர் வைக்கப் போகிறார்கள். அங்குள்ள மண்ணைச் சோதிக்க ஆள் வேண்டும். ஜோவிதாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆறு ஆண்டு ஒப்பந்தம், நடுவில் திரும்பி வர வழியில்லை.

அதையும் காரில்தான் கேட்டாள். "போகட்டுமாப்பா?"

போகாதே என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. எமிலி போன வீட்டில் ஒண்டியாக எப்படி இருப்பது? ஆனால் அவள் கேட்ட விதம் அவ்வளவு தெளிவாக, திடமாக இருந்தது. எப்போதோ முடிவு செய்துவிட்டு மரியாதைக்குக் கேட்கிறாள். இவ்வளவு தெளிந்த பிள்ளையின் காலைக் கட்டுவதா? வாயைப் பொத்திக்கொண்டு ஒருமுறை விம்மி முடித்துவிட்டு, "போயிட்டு வா மக்ளே" என்றார். சொல்லும்போதே குரல் தழுதழுத்துச் சிதறிவிட்டது. அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தார். உள்ளுக்குள் கண்டுபிடிக்க மாட்டாளா என்றும் ஏங்கினார்.

பின்னாலிருந்து "சரிப்பா" என்று வந்தது, தெளிவாக.

அவள் போய் ஓராண்டு ஆகியிருக்கும். அவர் மட்டும் மதுரைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். தெளிப்பானில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்க ஆரம்பிக்கவே, ஒரு சனிக்கிழமை காரை நஸ்ரினின் கடைக்குக் கொண்டுபோனார்.

"நிறையக் கழிவு எடுத்திருக்கு. சரியா எடுக்குதான்னு ஒரு தடவை பாத்துடுவோம் சார்" என்றாள். தெளிப்பானின் பின்பக்கத்திலிருந்து ஓர் ஒயரை இழுத்து, மேசைமேல் இருந்த சின்ன ஸ்பீக்கரில் செருகினாள். "உள்ள உக்காந்து ஏதாவது பேசுங்க. நல்ல குரல் காருக்குள்ள போயிடும். எடுத்துப் போடுற பிசிறு மட்டும் இதுல வரும்."

என்ன பேசுவது என்று தெரியாமல் மகளின் பெயரைச் சொன்னார். "ஜோவிதா."

மேசைமேல் இருந்த ஸ்பீக்கரில் பெயர் வரவில்லை. எழுத்தே இல்லாத ஏதோ ஒன்று வந்தது. ஈரமான ஒரு மூச்சு, தொண்டையில் சிக்கி நிற்கும் ஓர் அடைப்பு, அடியில் நூல் போல ஒரு நடுக்கம். யாரோ துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவது போலிருந்தது.

"யாரும்மா அது?"

நஸ்ரின் அவரைப் பார்த்தாள். "நீங்கதான் சார்."

அவர் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் அதே. காருக்குள் தலைசாய்ப்பிலிருந்து அவருடைய குரலே, 'ஜோவிதா' என்று நலமாக, உரமாக, பத்து வயது குறைந்த மாதிரி ஒலித்தது. இதைத்தானே அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்? இத்தனை நாளும் இதைத்தானே கேட்டாள்?

அடுத்த நினைப்பு வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்ததும் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்போ எம் மக குரல்லயும் இதே மாதிரி எடுத்திருக்குமா?"

"யார் பேசினாலும் எடுக்கும் சார்."

"எடுத்ததெல்லாம் எங்க?"

"சேத்து வைக்காது. அப்பப்ப அழிஞ்சுடும்."

"இத அணைக்க முடியுமா?"

"அணைக்கலாமே. ஒரு பொத்தான்தான். யாரும் கேட்டதில்ல, அதான் நானும் சொல்லல." அவள் தயங்கினாள். "என்ன ஆச்சு சார்?"

"நிலவுலருந்து அவ பேசுவா. அங்க?"

"அங்க வெளிய வந்தா காத்தே இல்லையே சார். பக்கத்துல நிக்கிறவங்க பேசினாலும் தலைக்கவசக் கருவி வழியாத்தான் கேக்கணும். எல்லாத்துலயும் இதுதான் இருக்கும். நம்ம போன்லயும் இப்ப இதுதான். அத நம்மளால அணைக்க முடியாது." பிறகு மெல்லச் சொன்னாள்: "எல்லாருக்கும் இதுதான் சார் பிடிச்சிருக்கு."

நிலவுக் குடியிருப்பில் இருந்து குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழைப்பு, அதுவும் குரல் மட்டும். ஆராதனை முடிந்ததும் ஞானசிகாமணி ஆலயத்து வேப்பமரத்தடியில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். மகளிடம் எப்படிச் சொல்வது என்று பிரசங்கம் முழுக்க யோசித்திருந்தார். அவர் வீட்டில் யாரும் யாரிடமும் அந்த மாதிரி வார்த்தைகளைச் சொன்னதில்லை. எமிலியிடம்கூட அவர் சொன்னதில்லை.

"ப்பா, நல்லாருக்கீங்களா?" ஜோவிதாவின் குரல், அதே கண்ணாடி டம்ளர்.

"இல்ல மக்ளே."

அவர் சொன்னது நிலவுக்குப் போய்ப் பதில் திரும்பி வர எப்போதும் ஆகிற நேரம் ஆனது. "என்னப்பா?"

"நல்லா இல்ல. அம்மா போனதுலருந்தே நல்லா இல்ல. நான் அழுதுட்டுத்தான் பேசுறேன். உனக்குக் கேக்காது. அந்த ஸ்பீக்கர் மாட்டின நாள்லருந்தே கேட்டிருக்காது. நீ போறேன்னு சொன்னப்போ போகாதன்னுதான் சொல்லணும்னு இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ தேறிட்டன்னு நெனச்சுட்டேன் மக்ளே."

பதில் வரவில்லை. வழக்கமான தாமதத்தைவிட இது அதிகம். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தார். இல்லை.

"நான் நீங்க தேறிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் ஜோவிதா. "போகாதன்னு சொல்வீங்கன்னுதான்ப்பா கேட்டேன்."

பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் சொல்லும் குரலுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அவர் காதைத் தலைசாய்ப்போடு அழுத்தினார். ஒரு கீறல், ஒரு உறிஞ்சல், சொல்லின் முடிவில் ஒரு சின்ன உதறல், ஏதாவது தவறிப்போய் வந்திருக்காதா என்று தேடினார்.

"மக்ளே, அழுறியா?"

தாமதம்.

"ஆமாப்பா. ரொம்ப."

"எனக்குத் தெரியலயே மக்ளே."

"சொல்றேன்ப்பா" என்றாள், அந்தத் தெளிந்த குரலில். "இப்ப பேச முடியாம நிறுத்தினேன். கண்ணெல்லாம் மறைக்குது. இங்க கண்ணீர் கீழ விழ நேரமாகும்ப்பா, கன்னத்துலயே நிக்கும். இப்ப தொடைச்சேன். மறுபடியும் வருது. நீங்க சொல்லுங்க."

ஞானசிகாமணி சொல்லத் தொடங்கினார். தோள் குலுங்குகிறது என்றார். மூக்கை உறிஞ்சினேன் என்றார். வார்த்தை வராமல் நின்றபோது, "இப்ப வாயத் தொறக்க முடியல மக்ளே, அதான் இடைவெளி" என்று பிற்பாடு விளக்கினார். ஆலயத்தைப் பூட்ட வந்தவர் கண்ணாடி வழியே அவரைப் பார்த்துவிட்டு, தொந்தரவு செய்யாமல் விலகிப்போனார்.

அழைப்பு முடிய இன்னும் கொஞ்சம்தான் நேரம் இருந்தது.

"இப்ப மக்ளே?"

காத்திருந்தார்.

"இப்பவும்தான்ப்பா" என்றது குரல், ஒரு பிசிறும் இல்லாமல்.