உஷாந்தி நடத்திய நேர்முகப் பரீட்சை

உஷாந்தி தண்ணீர்ப் போத்தலை எறிந்தது உண்மைதான். ஆனால் அது றேமண்டின் மேல் படவில்லை. மதிலில்தான் பட்டது. மூடி கழன்று தண்ணீர் முழுவதும் றேமண்டின் புதுச் சப்பாத்துக்குள் போனதற்கு அவள் பொறுப்பில்லை.

உஷாந்திக்குப் பத்து வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் அம்மா, அப்பா, அண்ணா அபிஷனோடு இருக்கிறாள். அன்று அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தது அண்ணாதான். அண்ணாவின் கையில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதன் அட்டையில் ஓர் எலும்புக்கூடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

தொடர்மாடிக்குத் திரும்பும் முடுக்கில் றேமண்டும் நபீஸும் மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அபிஷனோடு ஒன்றாகக் கிரிக்கெட் விளையாடியவர்கள். அவன் வயதுதான்.

"மிஸ்ஸி, எனக்குக் காய்ச்சல். ஒரு ஊசி போடுங்கோ மிஸ்ஸி" என்றான் றேமண்ட். நபீஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண் தாதியரை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அபிஷன் தாதியர் கல்லூரியில் சேர்வதற்குப் படிக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து இவர்கள் அவனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அபிஷன் தலையைக் குனிந்தபடி நடந்தான்.  அதைப் பார்த்ததும்தான் உஷாந்தியின் கையிலிருந்த போத்தல் பறந்தது.

அண்ணா அவளை இழுத்துக்கொண்டு படியேறினான். முதல் மாடி வரும்வரை அவள் றேமண்டைத் திட்டினாள். இரண்டாம் மாடியில் நபீஸைத் திட்டினாள். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியது. மிச்சமிருந்த கோபம் அண்ணாமேல் திரும்பியது.

"நீங்க ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"

"அவங்கள் சும்மா பகிடிக்குச் சொல்லுறாங்கள். விடு."

"எனக்கு அது பகிடி இல்ல" என்றாள் உஷாந்தி. காலணியைக் கழற்றி ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் உதறினாள்.

உண்மையில் அவளுக்கு அப்பா மீதும் கோபம்தான். அப்பா ஒருநாளும் அண்ணாவைக் கேலி செய்ததில்லை. ஆனால் போன கிழமை பேக்கரியில் ஒருவர், மகன் என்ன செய்கிறான் என்று கேட்டபோது, "ஏதோ படிக்கிறான்" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பாணை வாங்கிக்கொண்டு வந்தார். உஷாந்தி பக்கத்தில்தான் நின்றாள். றேமண்ட் கத்துவதைவிட அந்த 'ஏதோ' அவளுக்கு அதிகம் வலித்தது.

அன்று மாலை அண்ணா படிக்க உட்கார்ந்தான். கல்லூரிக்குள் போவதற்கு முதலில் எழுத்துப் பரீட்சை, பிறகு நேர்முகப் பரீட்சை. உஷாந்தி எலும்புக்கூட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். இதயத்தில் எத்தனை அறைகள், காய்ச்சல்காரருக்கு எதை முதலில் பார்க்க வேண்டும், தீக்காயத்தில் ஏன் பற்பசை பூசக்கூடாது என்று புத்தகத்தில் இருந்ததையெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அண்ணா டக்கென்று பதில் சொன்னான். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டும் ஒரு பிழைகூடக் கிடைக்கவில்லை.

உஷாந்திக்குச் சந்தேகம் வந்தது. "இவ்வளவும் தெரிஞ்சும் போன வருசம் ஏன் கொலிஜுக்கு எடுபடேல்ல?"

அபிஷன் புத்தகத்தை வாங்கி மூடினான். முதலில் சொல்ல மாட்டேன் என்றான். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னான். எழுத்துப் பரீட்சையில் அவனுக்கு நல்ல புள்ளிகள். நேர்முகப் பரீட்சையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெண்மணி, ஓர் ஆண்பிள்ளை ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய் என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னனீங்க?"

"தேங்க் யூ சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்."

உஷாந்தி அண்ணாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. இதயத்தின் அறைகளெல்லாம் தெரிந்த ஒருவன், ஒரு கேள்விக்குப் பயந்து எழும்பி வந்திருக்கிறான்.

அடுத்த நாளே அவள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அண்ணாவை முன்னால் நிற்கவைத்து அதே கேள்வியைக் கேட்டாள். அண்ணா சிரித்தான். மறுபடி கேட்டாள். மறுபடியும் சிரித்தான். மூக்குக்கண்ணாடி வழுக்கி மேசையில் விழுந்தது.

அவளைப் பார்த்தால் அண்ணாவுக்குப் பயமில்லை. அதுதான் பிரச்சினை. அப்படியென்றால் அவன் யாரைப் பார்த்துப் பயப்படுகிறான்? யார் கேட்டால் அவன் வாய் மூடிக்கொள்கிறது?

உஷாந்தி எழுந்து சன்னலால் எட்டிப் பார்த்தாள். கீழே முடுக்கில் டெனிஸ் பந்தால் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது.

அவள் இறங்கிப் போய் விக்கெட்டுக்கு முன்னால் நின்றாள். பந்து போட ஓடி வந்த நபீஸ் பாதியில் நின்றான். றேமண்ட் முதலில் அவளுடைய கைகளைப் பார்த்தான். போத்தல் எதுவும் இல்லை.

"தள்ளி நில்லு தங்கச்சி" என்றான்.

"மாட்டன்" என்றாள் உஷாந்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் தங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று சொன்னாள். மதிலில் இருந்து கேட்பதையெல்லாம் கதிரையில் உட்கார்ந்து அண்ணாவின் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். வராவிட்டால் தினமும் இதே இடத்தில் வந்து நிற்பாள்.

"நாங்க சும்மா தமாசுக்குத்தானே சொன்ன" என்றான் நபீஸ். பிறகு பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "ஒங்கட அண்ணா ஃபைனலுக்கு முந்தி டீமை உட்டுட்டுப் போன. ஒரு வார்த்த சொல்லல்ல. ஏனெண்டு எங்களுக்கு இன்னம் தெரியா."

உஷாந்தி இதை எதிர்பார்க்கவில்லை. கோபம் கொஞ்சம் தடுமாறியது. அவள் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப அதையும் வந்து கேளுங்கோ, நபீஸ் நானா" என்றாள். அண்ணன் என்பதற்கு நபீஸ் வீட்டில் நானா என்றுதான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். றேமண்ட் தேவாலயத்தில் பூசை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு வந்தான். நபீஸ் தலையைப் படிய வாரியிருந்தான். விசயம் தெரியாத அம்மா, அபிஷனின் கூட்டாளிகள் வெகுநாளைக்குப் பிறகு வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு, தேநீர் போடப் போனார்.

குளித்துவிட்டு வந்த அபிஷன், மேசைக்குப் பின்னால் மூன்று கதிரைகளையும் அவற்றில் இருந்தவர்களையும் பார்த்தான். மூன்றாவது கதிரையில் உஷாந்தி.

"ஆரைக் கேட்டு இவங்களைக் கூப்பிட்டனீ?"

அவன் அப்படிக் குரல் உயர்த்தியதை உஷாந்தி அதுவரை கேட்டதில்லை. அவள் விசயத்தைச் சொன்னதும் அவன் முகம் சிவந்தது. வாசலை நோக்கி நடந்தான். உஷாந்தி ஓடிப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கயும் இப்பிடித்தான் எழும்பி வரப்போறீங்களா?"

அபிஷன் நின்றான். சமையலறையில் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. அவன் திரும்பி வந்து, மேசைக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தான்.

 மதிலில் உட்கார்ந்தால் அவ்வளவு பேசும் றேமண்ட், மேசைவிரிப்பில் இருந்த பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேளுங்கோ. மதிலில இருந்து கேக்கத் தெரியுந்தானே" என்றாள், தன் கதிரைக்குத் திரும்பி வந்த உஷாந்தி.

நபீஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். ஏன் டீமை விட்டுப் போனாய் என்று கேட்டான். வகுப்பும் ஃபைனலும் ஒரே நாளில் வந்ததாக அபிஷன் சொன்னான். சொல்லியிருக்கலாம்தானே என்று நபீஸ் கேட்டான். என்ன படிக்கிறாய் என்று கேட்பீர்கள், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, பேசாமல் போனது பிழைதான் என்றான் அபிஷன். நபீஸ் தலையை ஆட்டினான். ஆனால் ஃபைனலில் தோற்றது அபிஷனால்தான் என்பதை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு றேமண்ட் தொண்டையைச் செருமினான்.

"மச்சான், குறை நினைக்காத. இது பொம்பிளையள்ட வேலைதானே. ஆம்பிளை என்னத்துக்கு?"

அதே கேள்வி. உஷாந்தி மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணாவின் கால்கள் எழும்பப் போவதுபோல் அசைந்தன. ஆனால் அவன் எழும்பவில்லை.

"ஒரு வார்ட்டில ஒரு ஆள் இருந்தவர்" என்று தொடங்கினான். "டெங்குக் காய்ச்சல். எழும்பி நிக்கக்கூட ஏலாது. இடுப்பில கட்டியிருந்த சாரத்தை மாத்த மிஸ்ஸிமார் வந்தா விடமாட்டார். வெக்கம். அழுக்குச் சாரத்தோட அப்பிடியே கிடப்பார். பிறகு ஆம்பிளைத் தாதி ஒருத்தர் டியூட்டிக்கு வந்தார். அவர் ஒண்டும் கேக்கேல்ல. திரையை இழுத்துவிட்டார், மேலைத் துடைச்சார், சாரத்தை மாத்தினார். பகிடி ஒண்டும் சொன்னார். அந்த ஆள் அண்டைக்குத்தான் நல்லா நித்திரை கொண்டவர். நான் பக்கத்தில சும்மா நிண்டனான். எனக்கு ஒண்டும் செய்யத் தெரியேல்ல. தெரிஞ்சிருக்க வேணுமெண்டு அண்டைக்கு நினைச்சனான்."

றேமண்ட் இப்போது பூக்களைப் பார்க்கவில்லை. அபிஷனைப் பார்த்தான்.

உஷாந்திக்கு அந்த ஆளைத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர்கள் வீட்டில் ஒருவர்தான். அவள் மெதுவாகத் திரும்பினாள்.

அறை வாசலில் அப்பா நின்றார். கையில் பேப்பர். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

அவர் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து உஷாந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் ஒரு கேள்வி கேக்கலாமா?" என்று மகளிடம் கேட்டார். உஷாந்தி கோபம் குறையாத முகத்தோடு தலையாட்டினாள்.

"போன வருசம் இதை ஏன் அங்க சொல்லேல்ல?" என்று அப்பா அபிஷனைக் கேட்டார்.

அபிஷன் நிலத்தைப் பார்த்தான். "சொன்னா அந்த ஆளுக்குக் கோபம் வரும் எண்டு நினைச்சன்."

அப்பா பேப்பரை நான்காக மடித்தார். பிறகு விரித்தார்.

"வராது" என்றார். "சொல்லு."

அந்த நேரம் பார்த்து அம்மா தேநீர்த் தட்டோடு வந்து, என்ன எல்லோரும் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.  றேமண்ட் தட்டிலிருந்து இரண்டு பற்றிஸ் எடுத்துக்கொண்டான்.

அதன்பிறகு அவர்கள் தினமும் பின்னேரம் வந்தார்கள். நேர்முகப் பரீட்சை ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் கேள்விகளும் ஆங்கிலத்துக்கு மாறின. றேமண்டின் ஆங்கிலம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்காத கேள்விக்கே பதில் சொல்லப் பழகியவனுக்கு இனி எந்தக் கேள்வியும் பயமில்லை என்றான் நபீஸ். உஷாந்தி யாரோடும் சிரிக்கவில்லை. அண்ணா தலையைக் குனிந்தால் மேசையில் தட்டுவதுதான் அவள் வேலை. நாள் போகப் போக அவள் தட்டும் தேவை குறைந்தது.

எழுத்துப் பரீட்சை நல்லபடி முடிந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அப்பாவும் கூடவே போனார். பஸ் ஏறும் இடத்தில் பக்கத்துக் கடைக்காரர் எங்கே பயணம் என்று கேட்டபோது, மகன் நர்ஸிங் இன்டர்வியூவுக்குப் போகிறான் என்று அப்பா சொன்னாராம். கடைக்காரருக்குக் காது கேட்கும். இருந்தாலும் அப்பா அதை இரண்டு தடவை சொன்னாராம்.

உள்ளே அதே பெண்மணிதான் நடுவில் இருந்தார். அதே கேள்வியைத்தான் கேட்டார். அபிஷன் வார்ட்டில் கிடந்த ஆளைப் பற்றிச் சொன்னான். அந்த ஆள் என் அப்பா என்றும் சொன்னான். பிறகு கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது, ஆனால் படித்துக்கொள்வேன் என்று நேராகப் பார்த்துச் சொன்னான்.

சில கிழமைகள் கழித்துக் கைபேசியில் செய்தி வந்தது. அபிஷன் எடுபட்டுவிட்டான். அம்மா கோயிலுக்கு ஓடினார். கீழே முடுக்கில் நபீஸ் பட்டாசு கொளுத்த, மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள்.

அன்று மாலைதான் உஷாந்திக்கு மற்ற விசயம் தெரிந்தது. முதல் வருடப் படிப்பு கண்டியில். விடுதியில்தான் தங்க வேண்டும். அது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், றேமண்டுக்குக்கூடத் தெரியும். அவளுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இவ்வளவு கோபம் அவளுக்கு இந்த வருடம் முழுவதும் வந்ததில்லை. அண்ணா வெளியே நின்று தட்டினான். சொன்னால் அழுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றான்.

"நான் அழேல்ல" என்றாள் உஷாந்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

 பிறகு கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"லீவு தருவினமா?"

"மாசத்தில ஒருக்கா வரலாம்."

"காணாது. ரெண்டு தரம் வரவேணும்."

"அது என்ர கையில இல்ல. கொலிஜில இருக்கிற அந்த மேடத்திட்டத்தான் கேக்கவேணும்."

கதவு முழுவதுமாகத் திறந்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் கை நீண்டிருந்தது.

"நம்பரைத் தாங்கோ. நான் கேக்கிறன்."

அபிஷன் கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தான்.