விழுந்த கையில் பந்து

அண்ணனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவள் லிஃப்டில் இறங்கியபோது வெளியே நல்ல வெயில். கீழ்த்தளத்தில் அதற்கு வேலை இல்லை. அங்கே ஜன்னல் கிடையாது. காலையும் ஒன்றுதான், உச்சிப்பொழுதும் ஒன்றுதான். தரை துடைக்கும் மருந்தின் வாடை. குழாய்களில் கசியும் குளிர். சுவருக்குப் பின்னால் ஒரு பம்பு விடாமல் அடித்துக்கொள்ளும் சத்தம். அந்தச் சத்தம் ஸ்கேன் இயந்திரத்தினுடையது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் காந்தம் தூங்குவதில்லை.

அந்த இயந்திரத்தில் படம் எடுப்பதுதான் அவள் வேலை. மேலே பெரிய ஆஸ்பத்திரியில் நல்லபடியாக இருந்தவள், பக்கவாத ஆராய்ச்சி நடக்கும் இந்தக் குழிக்குள் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். எல்லாம் அண்ணனுக்காக.

அண்ணன் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து வண்டிகள் புறப்படும் நேரம் அறிவிப்பவன். வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறான் என்று அண்ணி கிண்டல் செய்வாள். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் சும்மா இருக்காது. "சுண்டெலி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகச் சாப்பாட்டு மேசைக்கு வரவும்" என்று தங்கையைக் கூப்பிடுவான். அவளுக்குக் கல்யாண வயது தாண்டியும் சுண்டெலிதான்.

ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருந்தவனுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கை விழுந்துவிட்டது. அசதியாக இருக்கும், படுத்தால் சரியாகிவிடும் என்று அண்ணி படுக்கவைத்தாள். அவன் எழுந்தபோது, வலது கையை ஆளும் மூளையின் இடப்பக்கத்தில் ஒரு பகுதி ரத்தம் இல்லாமல் செத்திருந்தது. பேச்சு அங்கேதான் குடியிருந்தது. இப்போது அவனிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல்.

"பசிக்குதா அண்ணா?"

"சரி."

"வலிக்குதா?"

"சரி."

கீழ்த்தளத்தில் ஒரு டாக்டரம்மா நடத்தும் ஆராய்ச்சி அவனைப் போன்றவர்களுக்குத்தான். செத்த இடத்தின் ஓரத்தில் உயிரோடு இருக்கும் பகுதிக்குச் சிகிச்சை கொடுத்து, போன வேலையை அதற்குக் கற்றுக்கொடுப்பது. ஆனால் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்கேன் இயந்திரத்தின் நடுவில் இருக்கும் குகைக்குள் படுக்கவைத்து, விழுந்த கையை அசைக்கச் சொல்வார்கள். அசையாவிட்டாலும் பரவாயில்லை, அசைக்க முயன்றால் போதும். படத்தில் அந்த ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவேண்டும். தெரிந்தால் உள்ளே. தெரியாவிட்டால் வீட்டுக்கு. அண்ணனுக்கு அன்றைக்குத்தான் அந்தப் பரீட்சை.

"வாங்க வாங்க, மைக்குக்காரரே" என்று மீசைக்காரர் வரவேற்றார். அவர்தான் அங்கே மூத்த டெக்னீஷியன். பூனையைத் தூக்கி உதட்டின் மேல் ஒட்டிவைத்த மாதிரி மீசை. வேடிக்கையான மனிதர், ஒரு விஷயத்தைத் தவிர.

குகைக்குள் போகிறவர்கள் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். மூச்சு முட்டினாலோ பயம் வந்தாலோ அமுக்கினால் வெளியே மணி அடிக்கும். மீசைக்காரர் அந்தப் பந்தை நோயாளி கையில் வைத்து, தானே அவர் விரல்களை மடக்கி, பிறகு அவரையே அமுக்கச் சொல்லி, மணியைக் காதால் கேட்டால்தான் நகர்வார். "இந்தக் கை. நல்ல கை" என்று உரக்கச் சொல்வார். யாருமில்லாத அறையிலும் சொல்வார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் காரணத்தைச் சொல்லியிருந்தார்.

ஸ்கேன் படத்தில் நோயாளியின் இடப்பக்கம் வலப்பக்கமாகத் தெரியும்; எதிரில் நின்று பார்ப்பதுபோல. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது பால பாடம். ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒரு தையல்காரியை இங்கே கொண்டுவந்தார்கள். வாய் குழறி, சொல்வது ஒன்றும் புரியாது; கைகள் இரண்டும் போர்வைக்குள். மீசைக்காரர் அவசரத்தில் ஆளைப் பார்க்காமல் பழைய படத்தைப் பார்த்தார். இடம் வலமாயிற்று. பந்து விழுந்த கைக்குப் போயிற்று. குகைக்குள் இருக்கும்போது அவள் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. மணி அடிக்கவே இல்லை. படம் முடிந்து அவள் படுத்திருந்த மேசையை இழுத்தபோது உயிர் போயிருந்தது. வேலை செய்த வலது கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியபடி இருந்தது. குகையின் உள்சுவரில் நான்கு நகக்கீறல்கள்.

"விழுந்த கைன்றது ஆளில்லாத வீடும்மா. அதுல மணியைக் கட்டித் தொங்கவிடாத. யார் வந்து அடிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியாது" என்றார் அப்போது. கிழவருக்குக் குற்ற உணர்ச்சி மூளையைக் கலக்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அண்ணனைப் படுக்கவைத்தார்கள். இடது கையில் பந்து. மணி அடித்துப் பார்த்தாயிற்று. "இடது கை. நல்ல கை." மேசை நகர்ந்து தலையும் மார்பும் உள்ளே போயின. பக்கத்து அறையில் இன்னொரு நோயாளி வந்திருக்க, மீசைக்காரர் அங்கே போனார்.

அவள் ஸ்கேன் அறையைப் பிரிக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் சொன்னாள். "வலது கையை மடக்கு அண்ணா. நெனச்சா போதும்."

இயந்திரம் தடதடவென்று அடித்தது. திரையில் மூளை விரிந்தது. செத்த இடம் கறுப்பாக இருந்தது. அதன் ஓரமும் கறுப்பு.

மறுபடி சொன்னாள். மறுபடி கறுப்பு.

இந்த ஒரு வாய்ப்பும் போனால் வாழ்நாள் முழுக்கச் 'சரி'தான். கையில் ஏதாவது பொருள் இருந்தால் பிடிக்கத் தோன்றுமோ என்று அவளுக்கு ஒரு யோசனை. முங்கிப் போகிறவனுக்குத் துரும்பும் துணை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். அண்ணனின் இடது கையிலிருந்து பந்தை எடுத்தாள். வலது உள்ளங்கையில் வைத்து, செத்த விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினாள்.

"ஒரே ஒரு தடவை அண்ணா. எனக்காக அமுக்கு."

குகைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சரி."

அவள் நாற்காலிக்குத் திரும்பி விசையைத் தட்டினாள்.

மணி அடித்தது.

ஒரு கணம் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி அடித்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். விழுந்த கையின் விரல்கள் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தன. அமுக்கி, விட்டு, அமுக்கி. தையல் இயந்திரத்தின் மிதிபோல ஒரே சீராக. அவள் அழுதேவிட்டாள். பாதியில் நிறுத்தினால் படம் கெட்டுவிடும் என்று நிறுத்தவில்லை. அண்ணனின் இடது கை மேலே போய் உள்சுவரில் அடிப்பதும் தெரிந்தது. சந்தோஷத்தில் தட்டுகிறான் என்று நினைத்தாள்.

இயந்திரம் ஓய்ந்தது. ஒலிபெருக்கியில் அவன் குரல்.

"சரி... சரி... சரி..."

அது அவளுக்குச் சொன்ன பதில் இல்லை. அப்பாவிடம் அடி வாங்கும்போது சின்ன வயதில் அப்படித்தான் சொல்வான். பக்கத்தில் யாரோ எதையோ கேட்டுக்கொண்டிருக்க, அவன் ஒப்புக்கொண்டே இருந்தான்.

பிறகு சுரண்டும் சத்தம்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மீசைக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். ஓடிப்போய் மேசையை இழுத்தார். அண்ணனின் முகமெல்லாம் கண்ணீர். இடது கை நகங்கள் பெயர்ந்து ரத்தம்.

வலது கை மட்டும் பந்தை விடவில்லை. இரண்டு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

"என்ன காரியம்மா பண்ணிட்ட" என்றார் மீசைக்காரர், அவள் காதோடு.

டாக்டரம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். நல்ல மனுஷி, கெட்ட செய்தியைச் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போதும் துடைத்தார்.

"ஒரு பொட்டுகூட இல்லம்மா. சேத்துக்க முடியாது."

"கை அமுக்கிச்சே டாக்டரம்மா. என் கண்ணால பாத்தேன். மணி அடிச்சுது."

"மணி அடிச்சது பதிவாகியிருக்கு. ஆனா அந்த நேரத்துல வலது கையை அசைக்கிற எடம் எதுவும் வேலை செய்யல. இடது கைக்கு மட்டுந்தான் வெளிச்சம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சில பேருக்குக் கை தானா இழுக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

வீட்டில் அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. விழுந்த கை எழுந்துவிட்டதே! டாக்டருக்கு என்ன தெரியும் என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். கை நாளுக்கு நாள் சுறுசுறுப்பானது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசும். போர்வையின் ஓரத்தைப் பிடித்து, ஒரே அளவாக மடித்து மடித்துக்கொண்டு போகும்.

கை தேறத் தேற மனிதன் இளைத்தான். அந்தக் கையை அவன் தன்னுடையதாகப் பார்க்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியரைப் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்தான். இடது கையால் தள்ளிவிடுவான். அது திரும்பி வந்து இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். அண்ணி சிரித்துக்கொண்டே பிரித்துவிடுவாள். அடியில் நீலமாகக் கன்றியிருக்கும்.

ஒரு மத்தியானம் அண்ணி அடுப்படியிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இல்லை.

"இங்க வந்து பாரு."

கட்டிலில் அண்ணன் விறைத்துப்போய்ப் படுத்திருந்தான். வலது கை காற்றில் எதையோ பிடித்து, அவன் உதடுவரை கொண்டுபோனது. அவன் எச்சிலில் விரல் நுனியை நனைத்தது. முறுக்கியது. கண்ணுக்குத் தெரியாத ஊசியின் காதில் கண்ணுக்குத் தெரியாத நூலைக் கோத்தது.

"உங்கண்ணன் ஒரு பொத்தான்கூடத் தெச்சவர் இல்லையே" என்றாள் அண்ணி.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவன் கண்களில் இருந்த கெஞ்சல் அவளுக்குப் புரிந்தது. எடுத்துவிடு என்கிறான். எப்படி எடுப்பது? வைத்தவளே அவள்தான், எடுக்கும் வழி அவளுக்குத் தெரியாது. அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, "மன்னிச்சிடு அண்ணா" என்றாள்.

"சரி" என்றான்.

அந்த வாரமே இரண்டாவது தாக்குதல் வந்தது. இந்தத் தடவை யாரும் படுக்கவைத்து நேரத்தை வீணாக்கவில்லை, இருந்தும் பயனில்லை. மூளை பாதிக்கு மேல் வீங்கிவிட்டது என்றார்கள். மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். அண்ணன் போனபோது அவள் அவன் இடது கையைப் பிடித்திருந்தாள். அது அவள் கைக்குள்ளேயே குளிர்ந்தது. அண்ணி பிடித்திருந்த வலது கை குளிர வெகுநேரம் ஆயிற்று.

காரியங்கள் முடிந்தபின் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு காலையில் கீழ்த்தளத்துக்குப் போனாள். மீசைக்காரர் இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். தினமும் நோயாளிகள் வருமுன் ஒரு உருண்டைத் தண்ணீர்க் குப்பியைத் தலை இருக்கவேண்டிய இடத்தில் வைத்துப் படம் எடுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். குப்பிக்குக் கை இல்லை. அதனால் பந்து மேசையின் கொக்கியில் தொங்கியது.

"உக்காரும்மா. டீ குடிச்சிட்டுப் போ" என்றார். அவளைத் திட்டவில்லை. திட்டக்கூடிய இடத்தில் அவரும் இல்லை.

மணி அடித்தது.

இருவரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். அறையில் யாருமில்லை. கொக்கியில் தொங்கிய பந்து ஒடுங்கியது, உப்பியது, ஒடுங்கியது.

"எப்பவாவது இப்படித்தான்" என்றார் மீசைக்காரர், கோப்பையைப் பார்த்தபடி. "பதில் பேசாத. கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

ஆனால் இது சீராக அடிக்கும் மணி இல்லை. விட்டு விட்டு, தடுமாறி, அவசரமாக அடித்தது. பழக்கமில்லாத கை. அவள் விரல் மைக் பொத்தானுக்குப் போனது. மீசைக்காரர் தடுக்குமுன் அமுக்கிவிட்டாள். நோயாளிகளிடம் கேட்பதையே கேட்டாள்.

"என்ன வேணும்?"

ஒலிபெருக்கியில் முதலில் பம்பின் சத்தம். அதன் அடியில் சுரண்டல். பிறகு குரல். கோணல் இல்லை, குழறல் இல்லை. பேருந்து நிலையமெல்லாம் கேட்ட அந்தப் பழைய குரல். அதை இன்னொரு முறை கேட்கத்தானே அவள் இத்தனையும் செய்தாள்.

"சுண்டெலி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்."

கொஞ்சம் இடைவெளி. மறுபடி வந்தபோது அதில் அறிவிப்பு இல்லை.

"என்னை வெளிய எடு, சுண்டெலி."

அவள் ஓடினாள். மேசையைப் பிடித்து, அது போகிற கடைசிவரை இழுத்தாள். தண்ணீர்க் குப்பி மெல்ல ஆடிக்கொண்டு வெளியே வந்தது. வேறொன்றும் இல்லை. குனிந்து குகைக்குள் பார்த்தாள். படுப்பவருக்கு வலப்பக்கச் சுவரில் பழைய நான்கு கீறல்கள் மங்கியிருந்தன. எதிரே, இடப்பக்கம், நான்கு கீறல்கள் புதிதாக வெளுத்திருந்தன. அவற்றின் கீழே ஐந்தாவது ஒன்று மெல்ல நீண்டுகொண்டிருந்தது.

வெளியே மணி நிற்கவில்லை.