எச்சில் கிண்ணத்து அம்மன்

"மத்தியானம் அவ்வளவு நேரம் ஏணி மேல நின்னீங்களே, கால் வலிக்கலையா?" என்று மனைவி வள்ளியம்மா கேட்டபோது தங்கராஜு எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான். தத்தோ கிராமாட் ரோட்டில் எழும்பிக்கொண்டிருந்த நினைவு மண்டபத்தின் பக்கம் அவள் ஒருநாளும் போனதில்லை. அவன் ஏணியேறிய நேரத்தில் அங்கே ஈ காக்கைகூட இல்லை. அவள் தண்ணீர்ச் செம்புக்குக் கையை நீட்டினாள். செம்பை விட்டு ஒரு சாண் தள்ளி, வெறும் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அம்மை கண்ட கப்பலில் வந்து, நோய்த்தீவில் அடைபட்டு மாண்ட ஜனங்களுக்கான மண்டபம் அது. வள்ளியம்மாவும் அதே கப்பலில் வந்தவள்தான். தீவில் ஒருவர் கண்ணை மூடினால், அவர் கஞ்சி குடித்த சீனக் கிண்ணத்தை இன்னொருவர் தொடாதபடி உடைத்துக் குழியில் போடுவார்கள். போய்விட்டாள் என்று நினைத்து அவளுடையதையும் உடைத்துவிட்டார்கள். விடிந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

அவளைத் திருப்பிக் கொடுத்த மாரியம்மனை மண்டபச் சுவரில் பீங்கான் சில்லுகளால் பதிக்க வேண்டும் என்று கமிட்டியில் ஒற்றைக் காலில் நின்றவன், கணக்கெழுதும் கிராணியான தங்கராஜு. வண்ணப் பீங்கான் வந்துசேரத் தாமதமானதும், தீவுக் குழியைத் தோண்டி மூட்டை மூட்டையாகக் கிண்ணச் சில்லுகளை அள்ளிவரச் செய்தவனும் அவனே.

"எச்சில் கிண்ணம், கிராணியாரே. அம்மனுக்கு ஆகாது," என்றார் கொத்தனார் முனுசாமி.

"செத்தவங்களுக்குத்தானே மண்டபம்? அவங்க பொருள்லயே செய்யுங்க."

முனுசாமி வேலையைச் செய்தார். கண்களைக் கடைசியில் பதித்து, மஞ்சள் துணியால் மூடினார். கண் திறக்கும் நாளில் அம்மனின் முதல் பார்வை கண்ணாடியில்தான் விழ வேண்டும். அதற்குமுன் மனிதர் எவரும் எதிரே நிற்கலாகாது. தங்கராஜுவுக்கா அந்தப் பொறுமை? தான் கேட்டு வாங்கிய முகமாயிற்றே. கொத்தனார் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஏணியேறித் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டான்.

அதன்பிறகு வள்ளியம்மாவின் கூந்தலில் சீயக்காய் வாசனை போய் ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது, வீட்டுக்குள் எந்தப் பாத்திரமும் அடுப்பில் இல்லாதபோதும் புளித்த கஞ்சி நெடி எழுந்தது, அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே எங்கோ கிண்ணங்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தாள். அந்தி மயங்கும் வேளையில் உலர்ந்த பாயில் அமர்ந்து நடுங்கினாள்.

"ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க. எங்க மேல சாரல் அடிக்குது."

"எங்க மேலன்னா?"

"எல்லாரும் இருக்கோம்ல."

தங்கராஜு மழையில் முனுசாமியின் வீட்டுக்கு ஓடினான்.

"கண்ணுக்கு எதை வச்சீங்கண்ணே?"

"கருப்பு வட்டம் போட்ட சில்லு ஒரே கிண்ணத்துலதான் இருந்துச்சு. அடியில யாரோ வேல் கீறியிருந்தாங்க."

கிண்ணம் மாறாமலிருக்க, வள்ளியம்மா ஆணியால் கீறிய வேல். அவளே அவனிடம் சொல்லியிருக்கிறாள். அந்தக் கண்களைப் பெயர்த்தெடுத்தால் அவள் பார்வை வீட்டுக்குத் திரும்பிவிடும், அவள் மீண்டும் தன் மனைவியாக மட்டும் இருப்பாள் என்று தங்கராஜு உறுதியாக நம்பினான். கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்ட முனுசாமி, உளியை மட்டும் கொடுத்தார்.

மண்டபத்தின் ஜன்னல் திறந்து கிடந்தது. சாரல் சுவரை நனைத்திருந்தது. ஏணியேறினான். துணியை உருவினான். பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. தடவித் தடவி உளியை வைத்தான். ஒரு தட்டு. சுவர் முழுக்கச் சில்லுகள் கிணுகிணுத்தன. இன்னொரு தட்டு. ஒரு கண் பெயர்ந்தது. சுவர் முனகியது. பெண் குரல். பழகிய குரல். கையை நிறுத்தவில்லை. மற்றதையும் பெயர்த்தான்.

வேட்டி முனையில் இரண்டு சில்லுகளையும் முடிந்துகொண்டு ஓடினான். வீட்டில் விளக்கு எரிந்தது. வள்ளியம்மா முதுகைக் காட்டி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கொண்டாந்துட்டேன், வள்ளி."

அவள் கையை ஏந்தினாள்.

"ஏங்க, இப்ப எங்கயுமே ஒண்ணும் தெரியலைங்க."

மெல்ல முகத்தைத் திருப்பினாள். கண்கள் இருந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பு. அதில், உளி நெம்பிய தடம்.