பதினோராம் கட்டிலில் ஆளில்லை

1979 ஆவணி. செவ்வாய்க்கிழமை காலை.

ஆண்கள் வார்டில் ஓர் அலறல்!

பதினோராம் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. சேலைன் போத்தல் மட்டும் தொங்கியது. குழாயின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக... தரை நனைந்துகொண்டிருந்தது.

கிழவர் இளையதம்பியைக் காணோம்!

ஈரலில் புற்று. இன்னும் பத்து நாள்தான் என்று டொக்டர் கைவிரித்து ஆறு நாளாகிவிட்டது. எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய மனிதர்... எப்படிப் போனார்?

மகன் முத்துலிங்கத்துக்குச் சந்தேகமே இல்லை. கடத்தல்தான்! முதல்நாள் வவுனியாவுக்குப் போய் மகளுக்குப் பட்டுச்சேலை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பார்சலும் கையுமாகப் பொலிசுக்கு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் கனகலிங்கம் அவசரப்படுகிற பிறவியல்ல. எதிரி உண்டா, காணிச் சண்டை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது.

"கிழவர் கடைசியா என்ன கேட்டவர்?"

"வீட்டை போகோணுமெண்டு ஒரே கரைச்சல். வீட்டிலதான் சாவாராம்."

"வீட்டில பாத்தனீங்களோ?"

முத்துலிங்கம் வீட்டுப் பக்கமே போயிருக்கவில்லை.

ஜீப் அவர்களின் ஊரான கண்டாவளைக்குப் பறந்தது.

யன்னலோரக் கட்டிலில் இளையதம்பி படுத்திருந்தார். வெளியே அவர் வெட்டித் திருத்திய வயல், சிறுபோக நெல் முற்றி நின்றது. பக்கத்தில் கஞ்சிக் கோப்பையோடு கடத்தல்காரி...

முத்துலிங்கத்தின் மனைவி விமலேஸ்வரி!

அவள் பதறவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினாள். நோயாளியை வீட்டுக்கு விடுவதாக ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த துண்டு. விடிய ஐந்தரைக்கு டொக்டர் வைத்த ஒப்பம். கீழே நடுங்கிய கையெழுத்தில் இளையதம்பி. வேலை மாறி வந்தவர்களுக்கு விஷயம் தெரியாமல் போய்விட்டது.

"ஆஸ்பத்திரியை விட்டு வரச் சட்டம் விடாதெண்டு மாமாவுக்குச் சொன்னனீங்கள்," என்றாள் கணவனிடம். "நான் டொக்டரைக் கேட்டன். புத்தி தெளிவா இருக்கிற ஆள் தானே ஒப்பம் வச்சிட்டுப் போகலாமாம். மகனைக் கேக்கத் தேவையில்லையாம். ரெண்டு பேரைப் பிடிச்சுக் காரில ஏத்திக்கொண்டு வந்திட்டன்."

இன்ஸ்பெக்டர் துண்டை மடித்துக் கொடுத்தார்.

"அப்ப கடத்தினது ஆருமில்லை. அடைச்சு வச்சதுதான் ஒராள். ஏன் முத்துலிங்கம்?"

விமலேஸ்வரியின் பார்வை சேலைப் பார்சலில் போய் நின்றது.

வெள்ளிக்கிழமை மகளின் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு! நானூறு பேருக்கு அழைப்புக் கொடுத்தாயிற்று. அதற்குள் கிழவர் கண்ணை மூடினால் துடக்கு, சாவுத் தீட்டு... எல்லாம் நின்றுவிடும். சேலைனை ஏற்றி வெள்ளிவரை இழுத்துவிட்டால் போதும் என்பது மகனின் கணக்கு. அதற்குத்தான் அந்தச் சட்டம்!

பெற்ற தகப்பனைப் பந்தல் பிரிக்கும்வரை உயிரோடு வைத்திருக்கப் பார்த்த கணக்கு. எழுதுகிற எனக்கே கூசுகிறது. முத்துலிங்கத்துக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. மனைவியையும் பார்க்க முடியவில்லை, தகப்பனையும் பார்க்க முடியவில்லை. பார்சல் கையிலிருந்து நழுவியது.

"பொய்ச் சட்டம் சொல்லி ஒரு மனுசனை மறிச்சு வைக்கேலாது. ஸ்டேசனுக்கு வாரும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

கட்டிலில் அசைவு. இளையதம்பி கண்ணைத் திறந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார்!

"விடுங்கோ ஐயா. என்னட்டக் கேட்டிருந்தா வீட்டிலயே தாங்கியிருப்பன்..." மூச்சு வாங்கினார். "வெள்ளி மட்டும் இருப்பன். சனிப் பிணம் தனியப் போகாது எண்டதால சனியும் பொறுப்பன்... ஞாயிற்றுக்கிழமை கொள்ளி வைக்க எனக்கு ஆள் வேணும்!"